இரண்டாம் மாடிக் கழிப்பறையும் என் மகளின் கிட்னியும்

என் மகள் பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போகமாட்டாள். காலை ஆறரைக்கு ஸ்கூல் பஸ்ஸில் ஏறுகிறவள், மதியம் இரண்டரைக்கு வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருப்பாள். இரண்டு வருடமாக இப்படி. ஒரே அறையில் படுத்து எழுகிற அப்பன் அம்மா எங்கள் இருவருக்கும் இது தெரியவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் படுத்தபிறகுதான் தெரிந்தது. சீ, என்ன மனுஷன் நான் என்று அன்றைக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. மூத்திரம், கக்கூஸ் என்றெல்லாம் எழுதுகிறேனே என்று முகம் சுளிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அந்த வார்த்தைகளில் எனக்குக் கூச்சம் கிடையாது. பதினோரு வருடமாக அதுதான் என் பிழைப்பு.

துபாயில் ஒரு க்ளீனிங் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். ஊர் தென்காசிப் பக்கம். ஐந்து பள்ளிக்கூடங்களின் துப்புரவு வேலை என் பொறுப்பு. அதில் ஒன்று என் மகள் கயல் மூன்றாம் வகுப்பு படிக்கும் பள்ளி. கராமாவில் இன்னொரு குடும்பத்தோடு ஃப்ளாட்டைப் பங்கு போட்டு இருக்கிறோம். ஓர் அறை எங்களுக்கு, ஓர் அறை அவர்களுக்கு, சமையலறையும் பாத்ரூமும் பொது.

மதியம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கயல் பையைக் கூடத்திலேயே வீசிவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவாள். உள்ளே பக்கத்து அறைக்காரர் யாராவது இருந்துவிட்டால் கதவைத் தட்டிக்கொண்டே காலைப் பின்னிக்கொண்டு குதிப்பாள். எங்களுக்கு அது தினசரி வேடிக்கை. "எக்ஸ்பிரஸ் வருது, வழி விடுங்க" என்று, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருக்கும் நான்தான் சொல்வேன். எல்லோரும் சிரிப்போம். அவளும் குதித்துக்கொண்டே சிரிப்பாள்.

தண்ணீர் பாட்டில் முழுசாகவே திரும்பி வருகிறதென்று என் மனைவி மல்லிகா திட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டில் காலியாக வர ஆரம்பித்தது. பிள்ளை திருந்திவிட்டாள் என்று மல்லிகாவுக்கு ஒரே சந்தோஷம். இறங்கும் முன்பு பஸ் ஜன்னல் வழியாகக் கொட்டிவிடுகிறாள் என்பது பின்னால் தெரிந்தது.

அந்த வருடத்தில் மட்டும் அவளுக்கு மூன்று தடவை காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் தெருமுனைக் கிளினிக்கில் தொண்டையைப் பார்த்து, "வைரல்" என்று சிரப் எழுதிக் கொடுத்தார்கள். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன் நான். வெளியில் வாங்கித் தின்றதுதான் என்றாள் மல்லிகா. பள்ளியில் வருடத்துக்கு ஒருமுறை நர்ஸ் எல்லாப் பிள்ளைகளுக்கும் மருத்துவப் பரிசோதனை செய்து தாள் அனுப்புவார். உயரம், எடை, கண், பல், போட்ட தடுப்பூசி எல்லாம் இருக்கும். கடைசிக் கட்டத்தில் 'நலம்' என்று முத்திரை குத்தியிருக்கும். கயலின் தாளிலும் குத்தியிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறாள் என்று கேட்க அதில் கட்டம் இல்லை.

நான்காவது காய்ச்சலில் பிள்ளை விழுந்துவிட்டாள். மூன்றாம் நாள் காலை பல் கிட்டித்துப்போகும் அளவுக்கு நடுக்கம். வலது பக்க முதுகைத் தொட்டால் அலறினாள். வாந்தி வேறு. டாக்ஸி பிடித்து எமர்ஜென்சிக்கு ஓடினோம்.

அங்கே முதலில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து மூத்திரம் பிடித்து வரச் சொன்னார்கள். மல்லிகா உள்ளே கூட்டிப்போய்ப் பிடித்து வந்தாள். கலங்கிப்போய், மூடியைத் தாண்டி நாற்றம் வந்தது. நாற்றத்திலேயே பிழைப்பு நடத்துகிற நானே அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் பிள்ளையின் உடம்புக்குள் இதுவா இருந்தது?

டெஸ்ட் முடிவில் சீழ் செல்கள் எண்ணவே முடியாத அளவு என்றார்கள். கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்களுக்குத்தான் அந்தப் பெயர். அது மூத்திரத்தில் இவ்வளவு வந்தால் உள்ளே பெரிய சண்டை நடக்கிறது என்று அர்த்தம். அட்மிஷன் போட வேண்டும், ஆனால் இன்சூரன்ஸ் அப்ரூவல் வரட்டும் என்று உட்கார வைத்தார்கள். நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் பிள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் சுருண்டு கிடந்தாள். எதிர்ச் சுவரில் பெரிய டிவியில் ஒருத்தி பல்லெல்லாம் தெரிய கேக் செய்துகொண்டிருந்தாள். கவுன்ட்டர் பையனிடம் நாலு தடவை போய்க் கேட்டேன். "பாய், சிஸ்டம்ல போயிருக்கு, வெயிட் கரோ" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து அப்ரூவல் வந்தது.

கையில் ஊசிக்குழாய் குத்த மூன்று இடத்தில் முயன்றார்கள். தண்ணீரே குடிக்காத உடம்பு, நரம்பு எழும்பவில்லை. மூன்றாவது தடவை கயல் அழக்கூட இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஸ்கேன் பார்த்துவிட்டு குழந்தைகள் டாக்டர் வந்தார். மலையாளி, வயது ஐம்பது இருக்கும். மதுரையில் படித்தவராம், தமிழ் நன்றாகப் பேசினார். கட்டில் ஓரமாக உட்கார்ந்து கயலின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"மோளே, ஸ்கூல்ல எத்தன தடவ பாத்ரூம் போவே?"

கயல் போர்வை நுனியைத் திருகினாள்.

"ரெண்டு? மூணு?"

"போமாட்டேன்."

"ஒரு தடவகூட?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். நான் குறுக்கே விழுந்தேன். "என்னட்டி சொல்லுத? போகாம எப்படி இருப்ப?"

டாக்டர் என் பக்கம் கையைக் காட்டி அடக்கினார். "ஏன் மோளே போறதில்ல?"

கயல் டாக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டு விளக்கமாகச் சொன்னார். அடக்கி அடக்கி வைத்தால் மூத்திரப்பை காலியாவதே இல்லை. தேங்கி நிற்பதில் கிருமி பெருகும். சில பிள்ளைகளுக்கு அது குழாய் வழியாக மேலே கிட்னிக்கே ஏறிவிடும். கயலுக்கு ஏறிவிட்டது. "இது முதல் தடவ இல்ல. முன்னாடி வந்த காய்ச்சலும் இதுவாத்தான் இருக்கும். யாரும் யூரின் பாக்கலையா?" என்று கேட்டார். வலது கிட்னி இடதைவிடச் சின்னதாக இருக்கிறது, ஆங்காங்கே தழும்பு இருப்பதுபோல் தெரிகிறது என்றார். சில மாதம் கழித்து வேறொரு படம் எடுத்துத்தான் உறுதி செய்ய முடியும். கிட்னியில் போய் ஒட்டுகிற மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கிற படம். வேலை செய்கிற இடம் மட்டும் அதில் தெரியும், தழும்பு விழுந்த இடம் இருட்டாக இருக்கும்.

"அந்தத் தழும்பு ஆறுமா டாக்டர்?"

"ஆறாது. மிச்சம் இருக்கறத காப்பாத்தணும். இன்னும் ரெண்டு தடவ இப்படி வந்தா அந்த கிட்னிக்கு நான் கேரண்டி தரமாட்டேன்."

டாக்டர் போனதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பள்ளிக்கூடத்தைக் கிழித்துவிடுகிறேன் என்று காரிடாரில் கத்தினேன். வருடா வருடம் நலம் நலம் என்று முத்திரை குத்தினாளே அந்த நர்ஸ், அவளை ஒரு வார்த்தையாவது கேட்காமல் விடமாட்டேன். கிளாஸ் டீச்சர் என்ன புடுங்கினாள்? கேஸ் போடுவேன். போனை எடுத்துப் பள்ளி நம்பரைத் தேடினேன்.

மல்லிகா என் கையைப் பிடித்துப் போனை வாங்கி வைத்தாள். "நர்ஸ அப்புறம் கேக்கலாம். அங்க கதவுக்குப் பின்னால ஒட்டியிருக்க பேப்பர்ல சைன் போடுதது நீங்கதானாம்ல?"

யார் சொன்னது என்று கேட்டேன்.

"கயல்தான். டாக்டர் வர முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டா. உள்ள கால வைக்க முடியாதாம், தரையெல்லாம் கெடக்குமாம். பிள்ளைக மூக்கப் பொத்திக்கிட்டு, 'கயல் அப்பா சைன் போட்டிருக்காரு, க்ளீன்தான் போ'ன்னு சிரிக்குமாம். அப்பாட்ட சொல்லலாம்லன்னேன். சொன்னா அப்பா பாவம்ங்கா."

அந்தப் பேப்பரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு கழிப்பறைக் கதவுக்குப் பின்னாலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். காலை ஏழிலிருந்து மதியம் மூன்றுவரை மணிக்கு ஒரு கட்டம். கழுவியதும் க்ளீனர் டிக் போட வேண்டும். கீழே சூப்பர்வைசர் பார்த்துவிட்டுக் கையெழுத்து. பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குள் பள்ளி நேரத்தில் நான் போக முடியாது, ஆண் போகவே கூடாது. அதனால் பிள்ளைகள் வருவதற்கு முன் காலை ஆறு மணிக்கு என் சோதனை. அப்போது தரை காய்ந்து, மருந்து வாசனையோடு பளபளவென்று இருக்கும். அடுத்த நான்கு பள்ளிகளுக்கு நான் ஓட வேண்டும். மாலையில் திரும்பி வர நேரம் கிடையாது. ஆகவே காலையிலேயே மூன்று மணிவரைக்கும் டிக் போட வைத்து, கீழே என் கையெழுத்தையும் போட்டுவிட்டுப் போவேன். நான் மட்டுமில்லை, எனக்குத் தெரிந்த எல்லா சூப்பர்வைசரும் அப்படித்தான். இது தப்பு என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. பேப்பர் சுத்தமாக இருந்தால் வேலை சுத்தம்.

முன்பு அந்தப் பள்ளியில் நான்கு க்ளீனர்கள் இருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் கான்ட்ராக்ட் புதுப்பித்தபோது ஒருத்தராக்கினார்கள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க பாய்" என்றார் மேனேஜர். பண்ணிக்கொண்டேன்.

அந்த ஒருத்தி ரஞ்சனி, மட்டக்களப்புக்காரி. அன்று மாலையே அவளுக்குப் போன் போட்டேன். திட்டத்தான் போட்டேன்.

"ரெண்டாம் மாடி பாத்ரூம் எப்படிக் கிடக்கு? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னனான்தானே சேர்," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "ஒராள் மூண்டு மாடியும் எப்பிடிச் செய்யிறது? கீழ் மாடி கழுவி முடிய மேல தரை நாறிப்போயிருக்கும். ஃப்ளஷ் ரெண்டு உடைஞ்சு மாசக்கணக்கு. நீங்கதான் சேர் சொன்னீங்க, டிக்கப் போட்டிட்டுப் பேசாம இருங்கோ எண்டு."

சொல்லியிருந்தேன். அந்த வார்த்தையும், அதை நான் சொல்லும்போது கம்பெனி வேன் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கேயும் கதவுக்குப் பின்னால் ஒரு தாள். இன்னும் வராத ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் டிக் போட்டிருந்தது.

ஆறு நாள் இருந்தோம். மூத்திரத்திலிருந்த கிருமியை ஒரு தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்க இரண்டு நாள் ஆகும். முதலில் ஏற்றிய மருந்துக்கு அது சாகவில்லை. மாற்றினார்கள். நான்காம் நாள்தான் காய்ச்சல் இறங்கியது. ஃப்ளாட்டில் பக்கத்து அறை அக்கா தினமும் மிளகு ரசமும் குழைந்த சோறும் கொடுத்துவிட்டார். பாத்ரூமுக்குச் சண்டை போடுகிற அதே அக்காதான். கயலின் வகுப்புத் தோழி ஹிபாவின் அம்மா, காயல்பட்டினத்துக்காரர், சத்வாவிலிருந்து பஸ் ஏறிக் கஞ்சி கொண்டு வந்தார். ஹிபாவும் கூட வந்தாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்து கயலும் அவளும் ஊசிக்குழாய்க்குப் பெயர் வைத்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்து, "பாவம், அலைஞ்சு இளைச்சுட்டாங்க" என்றார்கள். கஞ்சிக் கிண்ணத்தை மூடி மல்லிகா பக்கம் தள்ளினேன். பாவமாம் நான்!

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். பள்ளியில் இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் அனுப்ப வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அதோடு ஆறு மாதத்துக்கு இரவில் ஒரு மாத்திரை. கடிதத்தை எடுத்துக்கொண்டு பிரின்சிபலைப் பார்த்தேன். நல்ல அறை, நல்ல வாசனை. அவர் ஆங்கிலத்தில் ரொம்ப வருத்தப்பட்டார். கயல் மட்டும் டீச்சர்களுக்கான கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று உடனே அனுமதி எழுதிக் கொடுத்தார். பூட்டி வைத்திருக்கிற கழிப்பறை, சுத்தமாக இருக்கும், கயலுக்கு ஒரு சாவி. நான் என்ன செய்தேன்? எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "தேங்க்யூ மேடம்" என்றேன். கதவுக்குப் பின்னாலிருக்கும் தாளைப் பற்றி மூச்சு விடவில்லை. என் பிள்ளைக்கு வழி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய் எப்போதும்போல் கையெழுத்தும் போட்டேன். சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனால் போட்டேன்.

அன்று மதியம் கயல் பையை வீசிவிட்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

வெளியே வந்ததும் மல்லிகா பிடித்துக்கொண்டாள். "போனியா இல்லியா? உண்மையச் சொல்லு."

"போகல."

"ஏம்ட்டி? சாவிதான் குடுத்திருக்காவல்ல?"

"ஹிபாவ விடமாட்டேங்கிறாங்கம்மா. அவளும் அடக்கிட்டுதான் இருக்கா. நான் மட்டும் எப்டிப் போறது? அவ வெளிய நின்னு பாத்துட்டே இருக்கா."

மல்லிகா அடிக்கக் கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கிட்னி போயிடும்டி, உனக்குப் புரியுதா?" என்றாள். கயலுக்குப் புரிந்தது. அழுதாள். ஆனாலும் போவேன் என்று சொல்லவில்லை. எட்டு வயது. வளைந்து கொடுப்பதில் அவள் என்னைப்போல் இல்லை, அதற்காவது நான் நன்றி சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை நான் கையெழுத்துப் போடவில்லை. அன்றைய டிக் போட்ட தாளைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு, பத்தரை மணிக்குப் பிரின்சிபல் அறைக்கு மறுபடி போனேன். முதல் இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருந்தார்கள்.

"மேடம், ரெண்டாம் மாடி வரைக்கும் வாங்க. அஞ்சு நிமிஷம்."

"எதற்கு? ரிப்போர்ட்டெல்லாம் ஒழுங்காகத்தானே வருகிறது?" என்றார்.

"அந்த ரிப்போர்ட் பொய் மேடம். ரெண்டு வருஷமா பொய். சைன் போட்டது நான்."

என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார். ரஞ்சனி முன்னால் போய், உள்ளே பிள்ளைகள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிரின்சிபல் வாசலிலேயே நின்றுவிட்டார். துப்பட்டா மூக்குக்குப் போய்விட்டது. தரையில் மஞ்சளாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. முதல் இரண்டு அறைகளில் ஃப்ளஷ் உடைந்து, போனதெல்லாம் அப்படியே நின்றது. மூன்றாவதில் யாரோ ஒரு குழந்தை பீங்கானைத் தொடப் பயந்து தரையிலேயே வெளிக்கு இருந்துவிட்டுப் போயிருந்தது. நானும் பள்ளி நேரத்தில் அதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"எவ்வளவு அசிங்கம்," என்றார் பிரின்சிபல். திரும்பி நடக்கப் பார்த்தார்.

"மேடம், கொஞ்சம் உள்ள வாங்க. பிள்ளைங்க உள்ளதான வரணும்."

வரவில்லை. ஒன்பது வருடமாக இந்தப் பள்ளியில் இருக்கிறேன், இந்தக் கதவைத் திறந்து பார்த்ததே இல்லை என்று மெதுவாகச் சொன்னார். அதைச் சொன்னதற்காக அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கம்பெனிக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

மேனேஜர் போனில் கத்திய கத்தலில் காது வலித்தது. "கலாஸ், உன் வேலை கலாஸ்" என்றார். முழுசாகப் போகவில்லை. விஷயம் வெளியே போய்விடுமோ என்ற பயமாக இருக்கலாம். ஜெபல் அலிப் பக்கம் ஒரு வேர்ஹவுஸில் போட்டார்கள். சூப்பர்வைசர் பெயர் போயிற்று, இப்போது நானும் மாப் பிடிக்கிறேன். சில மாதம் கழித்து எடுத்த படத்தில் கயலின் வலது கிட்னியில் மேல் பாதி இருட்டாக இருந்தது. கீழ்ப் பாதி வேலை செய்கிறது. அந்தப் பாதியைத்தான் நாங்கள் இப்போது காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளியில் ஒரு வாரத்துக்குள் ஃப்ளஷ்களை மாற்றினார்கள். மாடிக்கு ஒருவராக மூன்று க்ளீனர்கள் வந்தார்கள். அவர்கள் வேலையில் இறங்கிய முதல் நாள், புது இடத்துக்குக் கிளம்பும் முன் எனக்கு ஒரு நாள் ஓய்வு. இரண்டரைக்குக் கதவுப் பக்கமே காத்திருந்தேன். கயல் நடந்து வந்தாள். பையைக் கீழே வைத்தாள். குனிந்து ஷூவைக் கழற்றினாள்.

"போனியாட்டி?"

"போனேன்ப்பா. ரெண்டு தடவ. ஹிபாவும் வந்தா."

டிபன் பாக்ஸைத் திறந்தேன். கொடுத்துவிட்ட சப்பாத்தி அப்படியே இருந்தது. "இது ஏன் சாப்பிடல?"

"டைமே இல்லப்பா. பிரேக் ஃபுல்லா க்யூல நின்னோம்."

"எதுக்கு க்யூ?"

"பாத்ரூமுக்குத்தான்," என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "படிக்கட்டு வரைக்கும் நின்னாங்கப்பா. ஃபிஃப்த் படிக்கிற அக்காங்கல்லாம்கூட. எல்லாருமே."